பன்னிரண்டாம் எண்ணின் புள்ளிகள்

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பட்டாணியும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்டால், "அத்தை சூப்பரா இருக்காங்க, கண்ணாடி மட்டும் மாத்தணும்" என்கிறாள். மாற்றிவிடு.

பதினைந்து நாள் உன் வீட்டில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து பெண்ணின் கால் தரையில் பாவவில்லை. பதினேழு வயதாகியும் ஆறாம் வகுப்பா என்று கேட்கிற உயரம்தான். பேச்சு மட்டும் கிழவிப் பேச்சு. "அப்பா, அத்தை என் ரத்தத்தை எடுத்து, அதுல எக்ஸ்ரே மாதிரி என்னமோ அடிச்சு, உள்ள இருக்கிற டி.என்.ஏ.வை உடைச்சுட்டாங்க. அது தானா ஒட்டிக்குதான்னு எண்ணிப் பாக்கப் போறாங்க." இதை நான் பிழைதிருத்துகிற அச்சகத்தின் காவலாளியிலிருந்து முதலாளிவரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் அம்மா போன இந்த ஆறு வருஷத்தில் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

போனில் கூப்பிடாதே. அச்சு இயந்திரத்தோடு குடித்தனம் நடத்திய காது. போனில் உன் குரல் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கேட்கிறது. கடிதம் என்றால் இரண்டு தடவை படிக்கலாம்.

அவள் ரத்தம் ஒட்டியதா இல்லையா என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன் என்று அந்த வாயாடியிடம் சொல்லுங்கள். காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா, இல்லை அதன் தாளில் பிழை பார்த்துவிட்டு மருந்தை மூடி வைத்துவிடுகிறீர்களா?

முதலில் ஒன்று. ரத்தம் எடுத்ததை வெளியில் சொல்லாதே என்று அவளிடம் ஆயிரம் தடவை சொன்னேன். நீங்களாவது அவள் வாயைக் கட்டுங்கள். எங்கள் ஆய்வுக்கு நோய்நொடி இல்லாத பன்னிரண்டு பேர் வேண்டும். பதினோரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது ஆள் ஊசியைப் பார்த்ததும் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், போனவர்தான். மறுநாள் கெடு. பட்டாணி பக்கத்தில் நின்றாள், கையை நீட்டினாள். இங்கே வேலை பார்க்கிறவர்களின் சொந்தக்காரர்களை எடுக்கக் கூடாது. பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் இல்லாமல் ஊசியே தொடக் கூடாது. இரண்டு விதியையும் மீறி, குழாய் மேல் 12 என்று எழுதிவிட்டேன். தெரிந்தால் ஒன்பது வருஷத் தற்காலிக வேலையும் போய்விடும். ஜூன் ஏழாம் தேதி நிரந்தர ஆணை வருகிறது அண்ணா. நிரந்தரமானவர்களுக்கு ஜன்னலோரத்து மேசை. நான் இப்போது உட்கார்ந்திருப்பது கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்.

அவள் பாதி புரிந்துகொண்டதை முழுதாகச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இரண்டு இழையாகப் பின்னிக் கிடக்கிறது. கதிர் பட்டால் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். உடனே ஒரு புரதம் ஓடிவந்து அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். சத்தம் கேட்டதும் அந்தச் செல் மற்ற வேலையையெல்லாம் நிறுத்திவிடும். அப்புறம் ஒட்டுகிறவர்கள் வருவார்கள். ஒட்டி முடிந்தால் கூட்டம் கலையும். ஒட்டவே முடியாவிட்டால், ஊரைக் கெடுக்காமல் அந்தச் செல் தன்னையே முடித்துக்கொள்ளும். நாங்கள் அந்தக் கூட்டத்தின் மேல் பச்சைச் சாயம் ஏற்றிவிடுவோம். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு அறுந்த இடமும் ஒரு பச்சைப் புள்ளி. கதிர் பட்ட அரை மணியில் ஒரு செல்லுக்கு நாற்பது புள்ளி இருக்கும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அதை எண்ணுவதுதான் என் பிழைப்பு.

பன்னிரண்டாம் எண்ணை இன்னும் எண்ணவில்லை. வரிசையில் அவள்தான் கடைசி.

உங்கள் இருவர் நலத்துக்கும் எழுதவும்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆசை. அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவியை நான் விழுங்கிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் உடம்புக்குள்ளேயே இத்தனை பேர் பிழைதிருத்துகிறவர்கள் இருக்க, வெளியில் என் ஒருவனுக்குச் சம்பள உயர்வு கேட்டால் முதலாளி முறைக்கிறார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை, நான்தான் படிக்கிறேன். போன வாரம் ஒரு இருமல் மருந்துத் தாள் வந்தது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியையே காணோம். தப்பாக அச்சானதைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்ணில் குத்தும். அச்சாகாமல் விட்டுப்போனதைப் பிடிப்பதுதான் வேலை. அதற்கு விடுபாட்டுக் குறி என்று கூரை மாதிரி ஒன்று போடுவோம். அன்றைக்கு அந்தக் கூரையைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்தேன், அவ்வளவுதான் பாராட்டு விழா.

பட்டாணிக்கு மறுபடியும் சளி, காய்ச்சல். மாதம் ஒரு தடவை வருகிற விருந்தாளி, பழகிவிட்டது. கீழே அவள் எழுதியிருப்பதற்குப் பதில் போடு.

அண்ணன்

அத்தை, என் புள்ளிய எண்ணியாச்சா? நான் ஜெயிச்சேனா தோத்தேனா? மறக்காம எழுதுங்க. — ப.


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் நலம். நீங்கள் இருவரும் நலந்தானே?

ஆய்வு நன்றாகப் போகிறது. ஒருவருடைய செல்கள் பரப்பிய தட்டு மட்டும் மூன்று தடவை எண்ணியும் சரியாக வரவில்லை. தலைமை ஆய்வாளரிடம் காட்டினேன். "நோயில்லாத ஆளுக்கு இப்படி வராதும்மா. சாயம் கெட்டுப்போயிருக்கும். தூக்கிப் போட்டுட்டு வேற ஆளைப் பிடிங்க" என்றார். தூக்கிப் போட்டேன். எங்கள் வாசல் காவலாளி ரத்தம் கொடுத்தார். குதிரை மாதிரி உடம்பு, எல்லாப் புள்ளியும் ஒரே நாளில் போய்விட்டது.

அண்ணா, பட்டாணி பிறக்கும்போதே சின்னதாகத்தான் இருந்தாளா? தலை சுற்றளவு குறைவு என்று அப்போது யாராவது சொன்னார்களா? இந்தக் காய்ச்சல் எத்தனை வயதிலிருந்து வருகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

ஜன்னலோரத்து மேசையில் இருந்த அம்மாள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மேசையைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

உடல்நலம் பேணவும்.

தங்கை


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். பட்டாணி அவ்வளவு சுகமில்லை.

நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் இல்லை, பதிலுக்கு நீ மூன்று கேட்டிருக்கிறாய். போகட்டும், தொழில் புத்தி. பிறக்கும்போதே சின்னதுதான். தலையைப் பற்றி டாக்டரம்மா என்னவோ சொன்னார், அவள் அம்மாவுக்குக் கோபம் வந்து டாக்டரை மாற்றிவிட்டாள். காய்ச்சல் தவழ்கிற காலத்திலிருந்தே வருகிறது.

இப்போது கழுத்தில் இடது பக்கம் ஒரு கட்டி. எலுமிச்சங்காய் அளவு. வலிக்கவில்லை என்கிறாள். பெரிய மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அவளோ, "ஒரு கட்டிக்கே இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டா எப்படிப்பா" என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அண்ணன்


மே 2

அன்புத் தங்கைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. ஒரு அட்டையாவது போடு.

இங்கே விஷயம் நல்லதாக இல்லை. கட்டி புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், கழுத்துக்கும் மார்புக்கும் இருபது தடவை கதிர் கொடுத்தால் கரைந்துவிடும், இந்த வயதில் பத்தில் ஒன்பது பேர் எழுந்து நடந்து போய்விடுகிறார்கள் என்கிறார் கதிர் டாக்டர். சின்ன வயது, கறாரான ஆள், பொய் சொல்கிற முகமில்லை. ஜூன் மூன்றாம் தேதி தொடக்கம். பட்டாணி தைரியமாகத்தான் இருக்கிறாள். "நம்ம டி.என்.ஏ.வை அத்தை ஏற்கெனவே ஒரு தடவை உடைச்சுப் பாத்தாச்சு, எனக்குப் பழக்கம்" என்று நர்ஸிடம் பெருமையடித்தாள். நர்ஸ் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

உன் நலத்துக்கு எழுது.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்து அழுதுவிட்டேன். நான் நலம்தான், என்னைப் பற்றி என்ன இருக்கிறது. பட்டாணிக்கு என் முத்தம்.

கதிர் நல்ல வைத்தியம். எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லோர் உடம்பும் ஒரே மாதிரி தாங்குவதில்லை என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கதிர் நல்ல செல்லையும் உடைக்கும், கெட்ட செல்லையும் உடைக்கும். நல்லது ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடும், அந்த நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்கள். சிலருக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள் என்று கேள்வி. டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நான் டாக்டர் இல்லை, தட்டு எண்ணுகிறவள்.

கடவுள் இருக்கிறார். தைரியமாக இருங்கள்.

தங்கை


மே 18

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இரு.

பேச்சுவாக்கில் கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரு சொன்னது? ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா? அப்படி ஒரு குறை இருந்தா இந்த அளவு கதிரே ஆளைக் கொன்னுடும் சார். ஆனா லட்சத்துல ஒருத்தருக்கு. ஒரு காரணம் சொல்லுங்க, ஒரு பேப்பர் காட்டுங்க, நான் நாளைக்கே நிறுத்தி ரத்தத்தை அனுப்பறேன். சும்மா பயத்துல கேட்டா நாள் தள்ளிப் போட முடியாது, கட்டி வளருது." என்னிடம் என்ன பேப்பர் இருக்கிறது? மருந்துத் தாள்தான் இருக்கிறது.

இப்போது அண்ணனாக இல்லை, அவளுக்கு அப்பனாகக் கேட்கிறேன். நீ தூக்கிப் போட்ட அந்தத் தட்டு யாருடையது? பட்டாணியின் புள்ளிகள் என்ன ஆயின? நீ சொன்னதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் பெயரே வெளியே வராது. ஜூன் மூன்றாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுது. 'நிறுத்து' என்று எழுதினால் போதும், டாக்டர் காலில் விழுந்தாவது நிறுத்துகிறேன். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு படுக்கையில் ஏற்றிவிடுவேன்.

தினமும் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன்.

அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். பட்டாணி நலமாக இருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கண்டதும் இதை எழுதுகிறேன். கதிரை ஆரம்பிக்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லி அவள் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் எண் அவள்தான். அதை இந்த வாரம்தான் எண்ணிப் பார்த்தேன். புள்ளிகள் போகவில்லை. அவள் செல்லுக்கு ஒட்டத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவு அவளுக்கு ஆகாது.

ஜன்னலிலிருந்து நல்ல வெளிச்சம் விழுவதால் இந்தத் தடவை என் கையெழுத்து உங்களுக்குச் சிரமம் தராது என்று நினைக்கிறேன். உடனே செய்யுங்கள் அண்ணா. தாமதிக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
தங்கை


ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

நீ மகராசியாக இரு. நீ மே 28இல் எழுதியது எனக்கு ஜூன் 13இல்தான் கிடைத்தது. அன்று காலையில் ஒன்பதாவது கதிர் முடிந்துவிட்டது. கவரைக் கிழித்த வேகத்தில் கடிதமும் பாதி கிழிந்தது. அப்படியே மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் படித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். ரத்தம் வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. கழுத்துத் தோல் ஏற்கெனவே தீயில் வாட்டியது மாதிரி உரிகிறது. வாய்க்குள் புண். தண்ணீர் இறங்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மே 28இல் போட்ட கடிதம் வர பதினாறு நாளா? மூன்று நாள் பாதை இது. ஒழுங்காக வந்திருந்தால் ஒரு கதிர்கூட பட்டிருக்காது. தபால் ஆபீஸ் தலைவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போகிறேன். எவன் இந்தக் கடிதத்தை மேசையடியில் போட்டு வைத்தானோ அவன் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பொல்லாத வார்த்தைதான், எழுதிவிட்டேன்.

நீ உன் கடமையைச் செய்தாய். அதை மறக்க மாட்டேன்.

அண்ணன்


ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டாணி எப்படி இருக்கிறாள்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

தபால் ஆபீஸுக்குப் போக வேண்டாம் அண்ணா. அவர்களும் பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள். புகார் கொடுத்து என்ன ஆகப் போகிறது? நடந்தது நடந்துவிட்டது. இந்த நேரத்தில் நீங்கள் அவள் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். அந்தக் கவரையும் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். என் வேலை விஷயம் உங்களுக்குத் தெரியும்.

அவளுக்குத் தேறிவிடும். நம்பிக்கையோடு இருங்கள்.

தங்கை


ஜூலை 6

அன்புள்ள அத்தை,

நான் பட்டாணி. நீங்க நல்லா இருக்கீங்களா? வாய் முழுக்கப் புண்ணு, பேச முடியல. அதான் அப்பாவோட மருந்துத் தாள் பின்னாடி எழுதறேன். இது வாந்தி மருந்துத் தாள், பக்க விளைவு: வாந்தி. அப்பாகிட்ட காட்டினேன், இதுல பிழை ஒண்ணும் இல்லன்னுட்டார்.

ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் கம்மியாம். அப்பா முகமூடி போட்டுக்கிட்டுத்தான் உள்ள வர்றார். பயமா இருக்கு அத்தை. அப்பாகிட்ட சொல்லல. உங்களாலதான் நிறுத்தினாங்கன்னு டாக்டர் சொன்னார். தேங்க்ஸ்.

என் புள்ளி எத்தனைன்னு நீங்க எழுதவே இல்ல. கோபமா? ரத்தம் எடுத்ததை அச்சகத்துல சொன்னது தப்புதான். ஸாரி. எத்தனைன்னு மட்டும் எழுதுங்க.

— ப.


செப்டம்பர் 14

தங்கைக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

பட்டாணி ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துபோனாள். தந்தி மாதிரி ஒரு வரி எழுதி உனக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. உனக்குத் தெரியாமல் இருபத்தாறு நாள் போகட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருந்தேன். தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று தெரியாமல் போகிற நாட்கள் எப்படி இருக்கும் என்று உனக்கும் ஒரு தடவை நடக்கட்டும்.

தபால் ஆபீஸுக்கு ஜூன் மாதமே போனேன். போக வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வருவதற்கு முன்னால். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் இல்லாத வார்த்தையெல்லாம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கவரை வாங்கிப் பார்த்து, "சார், முத்திரையப் பாருங்க. இதை அங்க போட்டதே ஜூன் பத்து. மூணே நாள்ல குடுத்திருக்கோம்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து உன் கடிதத்தை என் வேலையைச் செய்வது மாதிரி படித்தேன். மே மாதம் 28ஆம் தேதி உன் மேசையில் ஜன்னல் வெளிச்சம் எப்படி வந்தது? கழிவறைக் கதவில் ஜன்னல் வைத்தார்களா? ஜூன் ஏழாம் தேதி ஆணை வாங்கி, மேசை மாறி உட்கார்ந்து, ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு நிம்மதியாகத் தூங்கி எழுந்து, அதற்கப்புறம் அவளைக் காப்பாற்ற எழுதியிருக்கிறாய். பழி தபால்காரன் தலையில் விழட்டும் என்று பழைய தேதியும் போட்டிருக்கிறாய். அவன் வீட்டு அடுப்பைச் சபித்தேன். அந்த வார்த்தையை அவனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே இருக்கட்டும்.

பட்டாணியிடம் சொல்லவில்லை. கடைசிவரை அவளுக்கு நீ நல்ல அத்தை. ஆகஸ்ட் மாதம் அந்த வேறு ஆய்வுக்கூடத்திலிருந்து எண்ணிக்கை வந்தது. நீ எழுதாததால் நானே சொன்னேன். முப்பத்தெட்டு என்றேன். "மத்தவங்களுக்கு?" என்று தாளில் எழுதிக் காட்டினாள். ஒன்று, இரண்டு என்றேன். "அப்ப நான்தான் ஜெயிச்சேன்" என்று எழுதினாள். அந்தத் தாளை உனக்குத் தர மாட்டேன்.

டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் கதிர் பக்கமே போகாமல், மருந்தை மட்டும் அளவு குறைத்துக் கொடுத்திருப்பாராம். பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் செத்தாலும் கட்டியால் செத்திருப்பாள், இப்படிச் செத்திருக்க மாட்டாள் என்றார். இப்படி என்றால் எப்படி என்று உனக்கு எழுதலாம். பத்துப் பக்கம் வரும். உனக்குத் தெரியும், நீ நிபுணர். ஒட்டத் தெரியாத செல் தன்னையே முடித்துக்கொள்ளும் என்று எழுதினாயே, தோலில், தொண்டையில், குடலில் அதுதான் நடந்தது, ஒவ்வொன்றாக. சத்தம் போடுகிற ஒருத்தன் முதலில் சத்தம் போட்டால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்றும் நீதான் எழுதினாய்.

உன் தலைமை ஆய்வாளருக்கு உன்னைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். உன் மேசையை நீயே வைத்துக்கொள். வேலை போய்விட்டால் தண்டனை கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் உனக்கு ஆறுதல் வந்துவிடும். அந்த ஆறுதலை நான் உனக்குத் தருவதாக இல்லை.

உன் கடிதங்கள் ஐந்தையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் விடுபாட்டுக் குறி போட்டிருக்கிறேன். மார்ச் கடிதத்தில் மூன்று இடம். மே 11 கடிதத்தில் வரிக்கு வரி. அந்த இடத்திலெல்லாம் என்ன வர வேண்டும் என்று நான் எழுதவில்லை.

இன்னொரு தாளும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு எழுதி, சம்மதப் படிவம் ஒன்று கேட்டேன், மகள் ரத்தம் கொடுக்க விரும்புகிறாள் என்று. இரண்டே நாளில் அனுப்பினார்கள். நன்றி தெரிவித்து உன் தலைமை ஆய்வாளரே கையெழுத்திட்ட கடிதம், நல்ல மனிதர். நீ ஜனவரியில் விட்டுவிட்ட படிவம் அது. முழுதாக நிரப்பிவிட்டேன். எண்: 12. வயது: பதினேழு. ஆய்வாளருக்கு உறவு: அண்ணன் மகள். அன்றைய உடல்நிலை: நல்ல சுகம். பெற்றவர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டிருக்கிறேன், சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்.

தேதிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். தேதி போட உனக்குத் தெரியும்.

அண்ணன்